லாரிக்கு எந்த ரோடு? கனரக வாகனங்கள் பற்றி ஒரு முதல் பாடம்

கடலூர்–சிதம்பரம் ரோட்டில் தினமும் பைக் ஓட்டுகிறவர்களிடம் லாரியைப் பற்றிக் கேட்டால் நல்ல வார்த்தை வராது. சிப்காட் பக்கம் ஆசிட் டேங்கர், வடலூர் ரோட்டில் நெய்வேலிச் சாம்பல் ஏற்றிய பல்கர் லாரி, நெல்லிக்குப்பம் பக்கம் போனால் கரும்பு டிராக்டர், புதுச்சேரிக்குப் போனால் டிப்பர் என்று எந்தத் திசையில் திரும்பினாலும் ஏதோ ஒன்று முன்னால் நகர்ந்துகொண்டிருக்கும். “இதையெல்லாம் யார் ஊருக்குள்ளே விடறது?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ‘இதையெல்லாம்’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் பதில் கிடைக்காது, ஏனென்றால் இந்த நாலு வண்டிக்கும் சட்டம் வேறு, அவை ரோட்டுக்குச் செய்யும் சேதம் வேறு, கட்டுப்படுத்த வேண்டிய விதமும் வேறு.

முதலில், கனரகம் என்று எதைச் சொல்கிறார்கள்?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டியை அதன் மொத்த எடையை வைத்துப் பிரிக்கிறது. காலி வண்டியும் அதில் ஏற்ற அனுமதித்த சரக்கும் சேர்ந்ததுதான் மொத்த எடை, ஆர்.சி. புக்கில் ஜி.வி.டபிள்யூ. என்று இருக்கும். 7,500 கிலோ வரை இலகுரகம், 12,000 கிலோவைத் தாண்டினால் கனரகம், நடுவில் இருப்பது நடுத்தரம். காலியாக ஓடினாலும் கனரகம் கனரகம்தான், ‘காலி வண்டிதானே சார்’ என்று நோ என்ட்ரி பலகையின் கீழே நின்று கெஞ்சுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. பெரிய பஸ்களும் இந்தக் கணக்கில் கனரகத்தில் வந்துவிடும்.

இலகுரகத்துக்குள்ளேயும் ஒரு கோடு இருக்கிறது. 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டே வேண்டாம். நம் ஊரில் ‘குட்டி யானை’ என்று கூப்பிடுகிற டாடா ஏஸ் இந்த வகை. காய்கறி, மீன், தண்ணீர் கேன், வீடு மாற்றும் சாமான் என்று சந்துபொந்தெல்லாம் அது புகுந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அதேபோல, கார் ஓட்டுகிற சாதாரண இலகுரக லைசென்ஸை வைத்துக்கொண்டே 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம், தனியாக எழுதி வாங்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. கனரகம் அப்படியில்லை. இலகுரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும், 20 வயது முடிந்திருக்க வேண்டும், அப்புறம் தனியாகப் பயிற்சி, தனி டெஸ்ட்.

சக்கரத்தை எண்ணினால் பாதி விஷயம் தெரிந்துவிடும்

ஜி.வி.டபிள்யூ. என்று லாரிக்காரர்கள் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆறு சக்கரம், பத்து சக்கரம், பன்னிரண்டு, பதினாலு, பதினாறு என்றுதான் பேச்சு. பத்து சக்கர லாரி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ‘டாரஸ்’ ஆகிவிடும். இதில் ஒரு நல்ல கணக்கு ஒளிந்திருக்கிறது. முன்னால் ஸ்டியரிங்கோடு திரும்புகிற அச்சில் (ஆக்சில்) பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டயர். பின்னால் வழக்கமான அச்சில் பக்கத்துக்கு இரண்டாக நாலு டயர். ஆக ஆறு சக்கரம் என்றால் இரண்டு அச்சு, பத்து என்றால் மூன்று. முன்னால் இரண்டு ஸ்டியரிங் அச்சும் பின்னால் இரண்டு அச்சும் இருந்தால் பன்னிரண்டு சக்கரம்.

அச்சை ஏன் எண்ண வேண்டும்? ஓர் அச்சுக்கு இவ்வளவு எடைதான் என்று சட்டம் வரம்பு போட்டிருக்கிறது, அதனால்தான். 2018 ஜூலையில் மத்திய அரசு இந்த வரம்பைக் கூட்டியது. இரண்டு டயர் உள்ள ஸ்டியரிங் அச்சுக்கு 7 டன், நாலு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 11.5 டன் (முன்பு 10.2), சேர்ந்தாற்போல் இருக்கும் இரட்டை அச்சுக்கு 21 டன் (முன்பு 19), டிரெய்லரின் மூன்று அச்சுக் கூட்டுக்கு 27 டன் (முன்பு 24). இந்த நாலு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் எந்த லாரியின் வரம்பையும் நீங்களே கூட்டிவிடலாம். ஆறு சக்கர லாரிக்கு 7 கூட்டல் 11.5, ஆக 18.5 டன். பத்து சக்கரத்துக்கு 7 கூட்டல் 21, 28 டன். இரண்டு ஸ்டியரிங் அச்சு உள்ள பன்னிரண்டு சக்கரத்துக்கு 35 டன். பத்து சக்கர இழுவை லாரி மூன்று அச்சு டிரெய்லரை இழுத்தால் 7, 21, 27 சேர்ந்து 55 டன். இந்தியாவில் ஸ்பெஷல் அனுமதி இல்லாமல் ரோட்டில் ஓடக்கூடிய உச்ச எடையும் இந்த 55 டன்தான், 2018க்கு முன் அது 49ஆக இருந்தது.

இங்கே ஆரம்பத்தில் யாரும் நம்பாத ஒரு விஷயம் வருகிறது. 55 டன் டிரெய்லரைப் பார்த்தால் பயமாக இருக்கும், ஆறு சக்கர டிப்பர் பார்க்கச் சின்னதாக இருக்கும். ஆனால் ரோட்டைக் கெடுப்பதில் அந்தச் சின்ன வண்டி இந்தப் பெரிய வண்டியைத் தோற்கடித்துவிடலாம். நடவு வயலில் வெறுங்காலோடு இறங்கினால் கணுக்கால் வரை புதையும், பலகை போட்டு நடந்தால் புதையாது, ஆள் எடை ஒன்றுதான். ரோட்டுக்கும் அப்படித்தான், மொத்தம் எத்தனை டன் என்பதைவிட அது எத்தனை அச்சில் பிரிந்து இறங்குகிறது என்பதுதான் கணக்கு.

இதை வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைத் தடங்கள் போட்டு, அவற்றில் லாரிகளை இரண்டு வருஷம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் நான்காம் படி விதி. அச்சு எடை இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கோ நாலு மடங்கோ இல்லை, ஏறத்தாழ 16 மடங்கு. அந்த விதிப்படி ஒரு சாதாரணக் காரின் அச்சை 0.6 டன் என்று வைத்துக்கொண்டால், 11.5 டன் லாரி அச்சு ஒரு முறை கடந்துபோவது காரின் அச்சு ஒரு லட்சம் தடவைக்கு மேல் கடந்துபோவதற்குச் சமம். இத்தனைக்கும் அது வரம்புக்குள் ஏற்றிய நேர்மையான லாரி. நம் ஊரில் ரோடு வடிவமைப்பவர்கள் கார், பைக்கையெல்லாம் எண்ணுவதுகூட இல்லை. 80 கிலோநியூட்டன், அதாவது சுமார் 8.2 டன் அச்சை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு, இந்த ரோட்டின் ஆயுளில் அப்படிப்பட்ட அச்சு எத்தனை தடவை ஓடும் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள்.

எம்-சாண்ட் நாலு யூனிட்

சரி, இதை நம் தெருவுக்கே கொண்டுவந்து பார்ப்போம். வீடு கட்டுகிறவர்கள் மணல், எம்-சாண்ட், ஜல்லி எல்லாவற்றையும் யூனிட்டில்தான் வாங்குகிறோம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்-சாண்ட் ஈரத்தைப் பொறுத்து ஒரு யூனிட் நாலரை டன்னிலிருந்து ஐந்து டன் வரை நிற்கும். ஆறு சக்கர டிப்பரின் காலி எடை ஆறரை, ஏழு டன் இருக்கும். வரம்பு 18.5. மிச்சம் பதினொன்றரை, பன்னிரண்டு டன். அதாவது இரண்டரை யூனிட், அவ்வளவுதான்.

ஆனால் ‘நாலு யூனிட் ஒரே நடையில் போட்டுடறேன், வாடகை மிச்சம்’ என்று சொன்னால் நாம் எல்லோரும் தலையாட்டுகிறோம். நாலு யூனிட் என்றால் சரக்கு மட்டும் 18 டன், வண்டியோடு 25 டன். முன் அச்சு எவ்வளவு தாங்கினாலும் 7 டன், மீதி 18 டன்னும் பின்னால் உள்ள ஒற்றை அச்சில் இறங்குகிறது. 11.5ஐயும் 18ஐயும் நான்காம் படியில் ஒப்பிட்டால் சேதம் ஆறு மடங்கு. பின் டயர்கள் அடியில் பிதுங்கி, ஸ்பிரிங் பட்டை வளைவு போய் நேராகி, பெட்டியின் மேல் விளிம்பைத் தாண்டிக் கூம்பாக நிற்கும் மணலோடு அந்த வண்டி நகராட்சி போட்ட தெருவில் திரும்பும்போது, கால்வாய் மூடி எங்கே உடையும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தெருவில் உடைவது நகராட்சி ரோடு, வாடகையில் மிச்சம் பிடிப்பது நாம்.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. சில லாரிகளில் லிஃப்ட் ஆக்சில் என்று தூக்கிவைக்கக்கூடிய ஓர் அச்சு இருக்கும். காலியாகப் போகும்போது டயர் தேயாமலிருக்க அதைத் தூக்கிக்கொள்ளலாம், தப்பில்லை. லோடோடு போகும்போதும் சிலர் தூக்கிக்கொள்கிறார்கள், திருப்புவதற்குச் சுலபமாக இருக்கிறதாம். அந்த நிமிஷமே மற்ற அச்சுகள் எல்லாம் ஓவர்லோடு. எடை மேடையில் மொத்த எடை சரியாகத்தான் காட்டும். நெடுஞ்சாலையில் ஓட ஓட எடை பார்க்கும் கருவி இருந்தால் ஒவ்வோர் அச்சையும் தனித்தனியாகப் பார்க்கும், அங்கேதான் மாட்டுவார்கள்.

அபராதம் எவ்வளவு? 2019 திருத்தத்துக்குப் பின் சட்டத்தின் 194ஆம் பிரிவுப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதோடு அதிகப்படி ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒரு டிப்பர் ஆறு டன் அதிகம் என்றால் 32,000. எடை போட மாட்டேன் என்று வண்டியை நிறுத்தாமல் ஓட்டினால் 40,000. ஓட்டியவரை மட்டுமல்லாமல் ஓட்ட வைத்தவரையும் ஓட்ட விட்டவரையும் சேர்த்தே அந்தப் பிரிவு பேசுகிறது. இதில் பலரும் கவனிக்காதது, அதிகச் சரக்கை இறக்காமல் வண்டி நகரக் கூடாது என்பது. இறக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில். ஒரு காலத்தில் அபராதம் கட்டி ரசீது வாங்கிவிட்டால் அதே லோடோடு ஊர் போய்ச் சேரலாம் என்று பல மாநிலங்களில் பழக்கம் இருந்தது, ரசீது ஒருவகை பாஸ் மாதிரி. 2005இல் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பழக்கத்தைச் சட்டவிரோதம் என்று சொன்னது. பிரேக் இன்ஸ்பெக்டர் சந்தேகப்பட்டால் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோகச் சொல்லலாம், ஆனால் போகிற வழியிலிருந்து 10 கிலோமீட்டருக்குள், அல்லது சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் மேடை இருக்க வேண்டும். அதனால் எடை மேடை இல்லாத பாதையில் ஓவர்லோடு சட்டம் பெயரளவில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எடை இல்லை, ஆனாலும் பிரச்சினை

வைக்கோல் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்ததும் டெல்டாவிலிருந்து கடலூர் வழியாக வடக்கே போகும். எடை பெரிதாக இருக்காது, ஆனால் இரண்டு பக்கமும் பிதுங்கி, பின்னால் வரும் ஆளுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாத அளவு உடம்பு. சரக்கு வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. சரக்கு பக்கவாட்டிலோ மேலேயோ முன்னும் பின்னுமோ வரம்பைத் தாண்டினாலும் அதே 20,000 ரூபாய்தான், ஓவர்லோடும் இருந்தால் அதற்குத் தனி.

உயரம் சம்பந்தமாக நம் பக்கத்தில் நன்றாகப் பார்க்கக்கூடிய பொருள் ரயில்வே கேட். விழுப்புரம்–புதுச்சேரி, விழுப்புரம்–கடலூர்–மயிலாடுதுறை தடங்கள் இரண்டும் மின்மயம். கேட்டுக்கு இரண்டு பக்கமும் ரோட்டுக்குக் குறுக்கே கோல்போஸ்ட் மாதிரி ஓர் இரும்புச் சட்டம் நிற்கும், கவனித்திருப்பீர்கள். அதன் உயரம் 4.67 மீட்டர். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அந்த இரும்புச் சட்டத்தில் சரக்கு உரசினால் நின்றுவிட வேண்டும், கம்பியைத் தொட்டால் பிழைக்க முடியாது. வைக்கோல் மேலே உட்கார்ந்து வருகிற ஆள்கள் கேட் வந்ததும் அப்படியே குப்புறப் படுத்துக்கொள்வதைப் பார்த்தால் நமக்குத்தான் நெஞ்சு அடைக்கும். லோடு மேல் ஆள் ஏறக் கூடாது என்பதே விதி, அது வேறு விஷயம்.

பாலத்துக்கு இதுபோல் கண்ணுக்குத் தெரிகிற இரும்புச் சட்டம் கிடையாது, அதனால் அங்கே ஆபத்து அதிகம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி பாலங்களை ‘கிளாஸ் ஏ’, ‘70 ஆர்’ என்று ஒவ்வொரு வகை பாரத்துக்கு வடிவமைக்கிறார்கள். 70 ஆர் வகையில் சக்கர வண்டிக்கு 100 டன் வரை கணக்கில் எடுப்பார்கள். ஊருக்குள் வாய்க்கால்மேல் உள்ள பழைய குறும்பாலங்கள் எல்லாம் அந்தக் கணக்குக்கு முந்தையவை. ஒரு ரோடு முழுக்கப் புதிதாக, பளபளவென்று இருந்தாலும், நடுவில் உள்ள ஒரு பலவீனமான குறும்பாலம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் அந்த ரோட்டின் தகுதி. சிவப்பு வட்டத்துக்குள் ‘10 டன்’ என்று பலகை வைத்திருந்தால் அது அந்தப் பாலத்தைப் பார்த்து வைத்தது, நீங்கள் ஓட்டும் தெருவைப் பார்த்து வைத்ததில்லை.

55 டன்னையும் தாண்டும் பொருள்கள் உண்டு. அனல் மின் நிலையத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர் பாகங்கள். இவற்றைப் பிரித்துக் கொண்டுபோக முடியாது. இதற்கென ஹைட்ராலிக் டிரெய்லர் என்று, வரிசை வரிசையாக அச்சு வைத்த மரவட்டை போன்ற வண்டி வரும். பாதை முழுக்கக் குறிப்பிட்டு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், பாலங்களை இன்ஜினியர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். பாலத்தில் ஏறும்போது வேறு வண்டி இருக்கக் கூடாது, நடு ரோட்டில் ஊர்ந்து போக வேண்டும், பாலத்தின்மேல் பிரேக் போடக் கூடாது. நூறு டன்னுக்கு மேல் உள்ள வண்டி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது, 25 டன் டிப்பர் வாய்க்கால் பாலத்தை உடைக்கிறது என்றால், வித்தியாசம் அந்த முன்னேற்பாட்டில்தான் இருக்கிறது.

ரோட்டுக்கே வரக் கூடாத வண்டிகள்

நெய்வேலிச் சுரங்கத்துக்குள் ஓடும் ராட்சத டம்பர்களை நீங்கள் வெளியே பார்க்க முடியாது. தொழிற்சாலை, சுரங்கம் போன்ற அடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்று செய்த வண்டி சட்டப்படி ‘மோட்டார் வாகனம்’ என்ற வரையறைக்குள்ளேயே வராது. அதற்கு நம்பர் பிளேட் வேண்டாம், ஆனால் கேட்டைத் தாண்டிப் பொது ரோட்டில் கால் வைக்கவும் கூடாது.

ஜேசிபி நடுவில் நிற்கிற கேஸ். அது கட்டுமான எந்திர வாகனம், ரோட்டில் ஓடுவது அதன் முக்கிய வேலை கிடையாது, ஒரு வேலையிடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக மட்டும் கொஞ்ச தூரம் ஓடலாம், அதுவும் 50 கிலோமீட்டர் வேகத்துக்குள். பதிவு செய்திருக்க வேண்டும். செயின் வைத்த பொக்லைன் என்றால் அதுவும் முடியாது, லோபெட் டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ‘இதோ அடுத்த தெருதானே’ என்று செயின் வண்டியைத் தார் ரோட்டில் நடத்திக்கொண்டு போனால் போகிற வழியெல்லாம் பல் பதிந்த தடம் விழும்.

கரும்பு டிராக்டர் இன்னொரு தலைவலி. நெல்லிக்குப்பம் ஆலை அரவை நடக்கும் மாதங்களில் பண்ருட்டி ரோட்டில் ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அது கனரகம்கூட இல்லை. ஆனால் கரும்புக் கட்டு பின்னால் நீட்டிக்கொண்டு, டிரெய்லரின் பின்விளக்கை மறைத்து, 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பின்னால் வரும் பைக்குக்கு அது ஒரு சுவர். இதற்கு நோ என்ட்ரி போட்டால் விவசாயி கரும்பை எங்கே கொண்டுபோவார்? இங்கே தேவைப்படுவது ஒட்டுப் பட்டையும் எரிகிற விளக்கும்தான், தடை இல்லை. ஒளிர் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு டீசல் கேனுக்குக்கூட வராது, அதைச் செய்யவைக்க முடியவில்லை என்பதுதான் எரிச்சல்.

எல்லை தாண்டினால்

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை என்று வந்துகொண்டே இருந்தால் எங்கே தமிழ்நாடு ஆரம்பிக்கிறது என்று பஸ்ஸில் தூங்குகிறவருக்குத் தெரியாது. லாரிக்குத் தெரிந்தாக வேண்டும், பாகூர் ஒரு நிர்வாகம், பக்கத்து ஊர் இன்னொரு நிர்வாகம். ஒரு மாநிலம் கொடுத்த பெர்மிட் அடுத்த மாநிலத்தில் தானாகச் செல்லாது. அங்கே மேலொப்பம் வேண்டும், அல்லது இரண்டு அரசுகளுக்கும் நடுவில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தற்காலிகப் பெர்மிட். இந்தத் தொல்லையே வேண்டாம் என்கிறவர்கள் நேஷனல் பெர்மிட் எடுக்கிறார்கள், ஆண்டுக்கு 16,500 ரூபாய், இந்தியா முழுக்க ஓடலாம். முன்னும் பின்னும் அதை எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் நேஷனல் பெர்மிட் இருப்பதால் எந்தத் தெருவிலும் நுழையலாம் என்று அர்த்தமில்லை. பெர்மிட் என்பது மாநிலத்துக்குள் தொழில் செய்ய அனுமதி, தெருவுக்குள் போகலாமா என்பதை அந்தத் தெருவில் உள்ள பலகை சொல்லும். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று இன்னொன்று: வண்டி ஓடத் தகுதியானதா என்று புது லாரிக்கு இரண்டு வருஷம், எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்கப்புறம் வருஷா வருஷம்.

புதுச்சேரியில் டீசல் விலை குறைவு என்பதால் எல்லைக்கு உள்பக்கம் இருக்கிற பங்குகளில் லாரி வரிசை எப்போதும் இருக்கும். வரிசை ரோட்டோரத்தில் நீளும்போது அது போக்குவரத்துப் பிரச்சினை. இதை எந்தப் பெர்மிட் விதியும் கண்டுகொள்வதில்லை.

சிப்காட் டேங்கர்களைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது. ஆபத்தான பொருள் ஏற்றிய வண்டியில் பின்னாலும் இரண்டு பக்கவாட்டிலும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். அதில் நாலு இலக்க ஐ.நா. எண் ஒன்று இருக்கும். 1203 என்றால் பெட்ரோல், 1075 எல்.பி.ஜி., அதாவது நாம் புல்லட் டேங்கர் என்று சொல்கிறோமே அது, 1830 கந்தக அமிலம், 1789 ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1017 குளோரின். டேங்கர் கவிழ்ந்து கிடந்தால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யும்போது ‘ஏதோ கெமிக்கல் லாரி’ என்று சொல்வதைவிட இந்த நாலு இலக்க எண்ணைச் சொன்னால் என்ன எடுத்து வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். கிட்டே போய்ப் படிக்காதீர்கள், தூரத்திலிருந்து செல்போனில் பெரிதாக்கிப் பாருங்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகுங்கள். இந்த டிரைவர்களுக்குக் கனரக லைசென்ஸோடு தனிப் பயிற்சியும் கட்டாயம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் மற்ற லாரிகளுக்கு 80 என்றால் இவற்றுக்கு 60.

நோ என்ட்ரி யார் போடுவது, எப்படிப் போடுவது

சட்டத்தின் 115ஆம் பிரிவில்தான் விஷயம் இருக்கிறது. பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ, அல்லது ரோடு, பாலத்தின் தன்மையைப் பார்த்தோ, ஒரு பகுதியில் அல்லது ஒரு ரோட்டில் எந்த வகை வண்டி ஓடக் கூடாது, எந்த நேரம் ஓடக் கூடாது என்று மாநில அரசோ, அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ தடை போடலாம். அதை அரசிதழில் வெளியிட வேண்டும், ரோட்டில் பலகையும் நட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் போகாத தடை என்றால் அரசிதழ் வேண்டாம், உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். மாசிமகத்துக்கும் தேருக்கும் லாரிகளைத் திருப்பிவிடுகிறார்களே, அதற்கெல்லாம் இந்த வழி போதும்.

இதுவரை சரி. நடைமுறையில் என்ன ஆகிறது? பள்ளி நேரத்தில் லாரி வரக் கூடாது என்று ஊர் எல்லையில் பலகை நட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் வந்து சேரும் லாரி எங்கே நிற்கும் என்று யோசிப்பதில்லை. அது பலகைக்கு முன்னால், ரோட்டோரத்திலேயே நிற்கும், ஒன்றன்பின் ஒன்றாக. தடை முடிந்ததும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி உள்ளே வரும். அரை மணி நேரத்தில் பிரிந்து வரவேண்டியவை ஐந்து நிமிஷத்தில் வந்து கடலூர் செம்மண்டலத்தையோ புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்தையோ அடைத்துக்கொள்ளும். அல்லது டிரைவர் கூகுள் மேப்பைப் பார்த்து ஒரு கிராமத்து ரோட்டில் இறங்கிவிடுவார். பிரதான ரோட்டில் தடை போட்டால் லாரி காணாமல் போகாது, உங்கள் தெருவிலிருந்து பக்கத்துத் தெருவுக்குப் போகும்.

அதனால் தடை போடுவதற்கு முன் இரண்டு வகை லாரியைப் பிரிக்க வேண்டும். ஊரைக் கடந்து போகிறது ஒன்று, ஊருக்குள் வேலை உள்ளது இன்னொன்று. விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் போகும் டிரெய்லருக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வேலையும் இல்லை. அதற்கு விழுப்புரம்–நாகப்பட்டினம் நாற்கரச் சாலை இருக்கிறது, புதுச்சேரிக்கு மேற்கே சுற்றிப் பூண்டியாங்குப்பம் பக்கம் இறங்கும்படி திட்டமிட்டதே இதற்காகத்தான். இந்த வகை லாரிக்கு ஊருக்குள் நாள் முழுக்கத் தடை போடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஊருக்குள் மளிகை மொத்தக் கடைக்குச் சரக்கு இறக்குகிற லாரிக்கோ, சிப்காட் லாரிக்கோ அப்படிச் செய்ய முடியாது. அதற்கு நேரம் கொடுக்க வேண்டும், காத்திருக்க இடம் கொடுக்க வேண்டும். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லாரிகளுக்கென்று முனையம் வைத்தது இந்த யோசனையில்தான். கழிப்பறை, தண்ணீர், நிழல் இல்லாத இடத்தில் டிரைவர் நிற்க மாட்டார், அவர் டீக்கடை முன்னால்தான் நிற்பார், அதில் தப்புச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

புதுச்சேரியின் பழைய நகரத் தெருக்கள் வேறு மாதிரி பிரச்சினை. அங்கே எடையைவிட நீளம்தான் தொந்தரவு. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். அதனால் டிரைவர் முதலில் எதிர்ப்பக்கம் ஒதுங்கி, பிறகு திருப்புவார். ‘வழி விடுகிறார்’ என்று நினைத்து இடது பக்கம் ஸ்கூட்டரை நுழைத்தால் பின்சக்கரத்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். சதுரம் சதுரமாக வெட்டிய குறுகிய தெருக்களில் டிரெய்லருக்குத் திரும்ப இடமே கிடையாது, அங்கே எடை வரம்புப் பலகையைவிட நீள வரம்புப் பலகைதான் பொருத்தம். அதற்கென்று தனிச் சின்னமும் இருக்கிறது, நம் ஊர்களில் அதை அதிகம் பார்க்க முடியாது.

உங்கள் தெருவில் லாரித் தொல்லை என்றால் ‘லாரியைத் தடை செய்யுங்கள்’ என்று மட்டும் மனு எழுதாதீர்கள், அது அப்படியே ஃபைலில் தூங்கும். எந்த வகை வண்டி, அதாவது எத்தனை அச்சு அல்லது எத்தனை டன்னுக்கு மேல் என்று எழுதுங்கள். எந்த நேரம் என்று எழுதுங்கள். அது கடந்து போகிற வண்டியா, உள்ளே வேலை உள்ள வண்டியா என்று இரண்டு நாள் நின்று எண்ணி எழுதுங்கள், ஆலை பெயரோ குவாரி பெயரோ தெரிந்தால் அதையும். மாற்று வழி எது, அந்த வழியில் உள்ள குறும்பாலம் தாங்குமா என்பதையும் கேளுங்கள். ஏற்கெனவே தடை இருந்தால் அரசிதழ் அறிவிப்பின் நகலும், பலகை எங்கே நட்டிருக்கிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய விஷயம், ஏனென்றால் 115ஆம் பிரிவு பலகை வைப்பதையும் சேர்த்தே சொல்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள், மனுவுக்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.